திரை எடுத்த நாளில் வந்த எண்

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உற்சாகம் தருகிற மாதிரி நாலு அனுபவம் சொல்லுங்கள் என்று உங்கள் பயிற்சி வகுப்பை நடத்துகிறவர் போனில் கேட்டார். அந்தச் சரக்கு என்னிடம் இல்லை என்றேன். சிரித்தார். வயதானவன் பிகு பண்ணுகிறான் என்று நினைத்திருப்பார். மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் சுற்றி அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி, அப்புறம் பஸ்ஸும் ரயிலுமாக மாறி வந்து, உங்கள் குளிரூட்டிய அரங்கில் சால்வை போர்த்திக்கொண்டு பொய் பேச எனக்குத் தெம்பில்லை. அதனால் எழுதி அனுப்புகிறேன். வகுப்பில் கொடுப்பதா, குப்பையில் போடுவதா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் முதலில் சொல்கிறேன். கனமான அணுக்கருவின்மேல் ஒரு நியூட்ரான் போய் விழுந்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. அணுக்கரு அதைப் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டு காமா கதிரை வெளியே விடும், அது பிடிப்பு. அல்லது இரண்டாக உடையும், அது பிளவு. எந்த வேகத்தில் வரும் நியூட்ரானுக்குப் பிடிப்பு எவ்வளவு, பிளவு எவ்வளவு என்று அளந்து சொல்வது நம் வேலை. நாம் கொடுக்கிற எண்ணை நம்பித்தான் உலை வடிவமைக்கிறார்கள்.

ஆனால் டிடெக்டர் எண்ணித் தருவது விடை அல்ல, கச்சாப் பொருள். அதிலிருந்து விடைக்குப் போவதற்குள் ஏகப்பட்ட திருத்தங்கள். சுவரில் பட்டுத் திரும்பி வந்த நியூட்ரானைக் கழி, டிடெக்டர் கோட்டை விட்டதைக் கூட்டு, அதைப் பெருக்கு, இதை வகு. ஒவ்வொரு திருத்தமும் நியாயமானதுதான். யாரும் அதில் பொய்க்கணக்கு எழுதுவதில்லை. திருத்துவதை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் நேர்மை கெடுகிறது. கிடைத்த எண் பழைய புத்தகத்தில் அச்சாகியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் தப்பைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள். ஒத்துப்போய்விட்டால் அன்றைக்கே தேடல் முடிந்தது, டீ வந்துவிடும். ஒத்துப்போன எண்ணில் யாராவது தப்பைத் தேடி நான் பார்த்ததில்லை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் குழுவின் தலைவர். பெயர் வேண்டாம், நாங்கள் பெரியவர் என்போம். இராசிபுரம் பக்கத்துக்காரர். கோட்டு போட்டாலும் பேச்சு மாறாது. இயக்குநரைத் தவிர எல்லோரும் அவருக்குக் 'கண்ணு'தான். மனிதர்களின் இந்தச் சபலம் அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்காகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார். அளக்க வைத்த பொருளின்மேல், அதாவது டார்கெட்டின்மேல், மொத்தம் எத்தனை நியூட்ரான் விழுந்தது என்பதை அவர் ஒருவர்தான் அளப்பார். யாரிடமும் மூச்சு விடமாட்டார். அது தெரியாமல் எங்களால் கடைசி விடையைக் கணக்கிட முடியாது. நாங்கள் எல்லாத் திருத்தத்தையும் முடித்து, இனி எதையும் தொடமாட்டோம் என்று ஒப்புக்கொண்ட பிறகு எல்லோரையும் ஓர் அறையில் கூட்டுவார். விழுந்த நியூட்ரான்களின் தொகையை வாய்விட்டுச் சொல்வார். கரும்பலகையில் ஒரே ஒரு வகுத்தல். என்ன வருகிறதோ அதுதான் விடை. கோயிலில் சாமிக்கு முன்னால் திரையை விலக்குவதுபோல அதற்குத் திரை எடுப்பது என்று பெயர் வைத்திருந்தோம். புத்தகத்தோடு ஒத்துப்போனாலும் போகாவிட்டாலும் வந்த எண்ணை அப்படியே அனுப்பிவிடுவார்.

எனக்கு அவர்மேல் பக்தியே இருந்தது. இதைச் சொல்ல இப்போது பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது, ஆனாலும் உண்மை.

பிறகு தோரியத்திலிருந்து பிறக்கும் யுரேனியத்தில் பிடிப்பை அளக்கும் வேலை வந்தது. இதில் பெரிய தொல்லை, அந்த அணுக்கரு பிடிப்பதைவிடப் பிளப்பதுதான் அதிகம். பிளவிலும் காமா கதிர் வரும். அதைப் பிடிப்பிலிருந்து வந்தது என்று ஏமாந்து எண்ணிவிடக் கூடாது. அதற்காகப் பக்கத்திலேயே பிளவைக் காணும் இன்னொரு டிடெக்டர் வைத்து, பிளவு நடந்த நேரத்தில் வந்த காமாவையெல்லாம் தள்ளிவிடுவோம். அந்த டிடெக்டரும் சில பிளவுகளைத் தவறவிடும். தவறவிட்டது எவ்வளவு என்று கணக்குப் போட்டு அதையும் கழிக்க வேண்டும். இந்த ஒரு திருத்தத்தை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பெரிதாக்கினால் விடை இறங்கும். எவ்வளவு பெரிதாக்கலாம் என்பது அவரவர் மனசாட்சி.

திரை எடுத்தோம். விடை புத்தக எண்ணைவிட நன்றாக மேலே இருந்தது. பிழை எல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாத அளவுக்கு மேலே. எனக்குள் குதூகலம். உலகமே பழைய எண்ணை வைத்துக்கொண்டு குப்பை கொட்டுகிறது, நாம் சரியானதைக் கண்டுவிட்டோம் என்று நினைத்தேன். பெரியவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டஸ்டரை எடுத்தார்.

"எங்கியோ தப்பு இருக்குது கண்ணுகளா. தேடுங்க" என்று சொல்லி அழித்துவிட்டார்.

அவர் போட்ட விதியை அவரே மீறியதை அன்றுதான் பார்த்தேன். தேடினோம். விடை தெரிந்த பிறகு தேடுவது எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடையை இறக்குகிற திருத்தத்தோடு யார் வந்தாலும் தோளில் தட்டினார்கள். பிளவு நேரத்தில் தற்செயலாக வந்த உண்மையான பிடிப்பையும் சேர்த்துத் தள்ளிவிட்டோம், அதைத் திரும்பக் கூட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். அது விடையை ஏற்றும். உடனே அறையிலிருந்த எல்லோருக்கும் சந்தேக நோய் வந்துவிட்டது. ஆதாரம் எங்கே, மறுபடி பார், இன்னொரு முறை பார் என்று அதைச் சாகடித்தார்கள். தவறவிட்ட பிளவு மட்டும் கூட்டத்துக்குக் கூட்டம் வளர்ந்துகொண்டே போனது. விடை இறங்கி இறங்கிப் புத்தக எண்ணின் பிழை எல்லையைத் தொட்ட அன்று முறுக்கும் டீயும் வந்தன. அத்தோடு தேடல் முடிந்தது.

பெரியவர் அறைக்குப் போய் நேரடியாகவே கேட்டேன்.

"சார், திரை எடுத்த பிறகு எதையும் தொடக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

"ஏங்கண்ணு, நான் இல்லேங்கலியே."

"அப்ப இது என்னங்க சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டிசைன்காரங்க பழைய எண்ண வெச்சு எல்லாத்தையும் முடிச்சுட்டாங்க. அடுத்த மாசம் மேலிடத்து ரிவ்யூ. ஊரே ஒரு பக்கம் நிக்கறப்ப நாம மட்டும் ஒத்தையா நின்னா, நம்ம டிடெக்டரத்தான் சந்தேகப்படுவாங்க. நமக்கு நியூட்ரான் கற்றை ஓட்டிக் குடுக்கற பீம் டைம நிறுத்திப்போட்டா குழுவே காலி. உன்ர எண்ணு சரியாக்கூட இருக்கலாம். இருந்துட்டுப் போகட்டும். இன்னிக்கு வேண்டாம்."

"சரியா இருக்கலாம்னு தெரிஞ்சேவா சார்?"

"போயி வேலையப் பாரு சாமி" என்றார், அன்பாகத்தான்.

அந்த அன்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். கட்டுரையில் என் பெயர் வேண்டாம் என்றேன். எடுத்துவிட்டார்கள். கூடவே என்னையும் எடுத்து, ஊழியர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் கதிர்வீச்சு பேட்ஜைச் சரிபார்க்கும் பிரிவில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை பேட்ஜ்தான். நியூட்ரான் கற்றைப் பக்கம் மறுபடி நான் போகவில்லை. பலகையில் வந்து அழிந்த எண்ணை வெளியிடத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அது கிடைக்காது. என் மண்டைக்குள்ளேயே கிடந்தது. திரை எடுக்கும் வழக்கத்தையும் பெரியவர் அத்தோடு விட்டுவிட்டார். அதை நடத்த அவருக்கு முகமில்லாமல் போயிருக்கும்.

அவர் காலமாகிவிட்டார். நான் மலையேறி வந்து மனைவியின் பூர்வீக நிலத்தில் மிளகுக்கொடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கதையும் இத்தோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

போன மிளகு அறுப்பின்போது ஒரு நாள் முற்பகல், ஒரு பெண் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். அவளை மேகலா என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அவள் பெயரில்லை. நான் வேலை பார்த்த அதே ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவள். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வந்த பஸ்ஸில் வளைவுக்கு வளைவு குமட்டி, முகம் வெளுத்துப்போய் நின்றாள். என் மனைவி அவளை உட்காரவைத்து ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயைக் கையில் கொடுத்தாள்.

"எங்கூடு காரவள்ளிக்குப் பக்கந்தானுங்க அம்மா. ஆனா மலைக்கு வந்தா எப்பவும் இப்படித்தான் ஆயிருதுங்க" என்றாள் அவள் வெட்கத்தோடு.

அவள் வந்த காரியம் இதுதான். அதே யுரேனியத்தில் அதே பிடிப்பைப் புது டிடெக்டர் வைத்து மறுபடி அளக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். அந்த அறிக்கையை வைத்துத்தான் அவள் பணி நிரந்தரமாகுமா என்று முடிவாகும். அவளுக்கு வந்த எண் புத்தகத்தோடு ஒட்டவில்லை. தவறவிட்ட பிளவைக் கணக்கிட்டுக் கழித்தும் ஒட்டவில்லை. இன்னும் கழி, இன்னும் பார் என்கிறார் அவளுடைய மேலதிகாரி. முன்பு ஒருவர் இதே வேலையில், பலகையில் வந்த எண்ணை அழித்துவிட்டார்கள் என்று முரண்டு பிடித்து வெளியே போனார் என்று கேன்டீனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த முரண்டு நான்.

"சார், அன்னிக்கு அழிச்சாங்களே, அந்த எண்ண மட்டும் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

இத்தனை காலத்தில் அந்த எண்ணை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குப் புரியாது.

"வேலைய முடிச்சிட்டியா அம்மிணி? இனி தொடமாட்டேன்னு வெச்சிட்டியா?"

"இல்லீங்க. இன்னும் திருத்திட்டுத்தான் இருக்கறேனுங்க."

"அப்ப சொல்லமாட்டேன்."

"ஏனுங்க சார்?"

"சொன்னா, என்ர எண்ணு வர்ற வரைக்கும் திருத்துவே. வந்ததும் நிறுத்திருவே."

"நான் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க சார்."

"உன்னச் சொல்லல. நான் இருந்தாலும் அதத்தான் பண்ணுவேன்."

அவள் சும்மா விடவில்லை, புத்திசாலிப் பெண். "புத்தகத்து எண்ணு எனக்குத் தெரியுங்களே சார். அத மறக்க முடியுங்களா? இப்ப ஒரே பக்கமா இழுக்குது. நீங்களும் சொல்லீட்டா ரெண்டு பக்கமும் இழுக்கும். நடுவுல நேரா நிக்கலாமுங்க."

"ரெண்டு பக்கமும் கயிறு கட்டி இழுத்தா அதுக்குப் பேரு அளக்கறதில்ல அம்மிணி."

"சரிங்க. என்ர எண்ண நானாவது சொல்றேன். சரியா, தப்பான்னு மட்டும்..."

"வேண்டாம், சொல்லாதே!" என்று கத்திவிட்டேன். அவள் மிரண்டுபோனாள். சொல்லியிருந்தால் என் முகமே அவளுக்குப் பதில் சொல்லியிருக்கும்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தவறவிட்ட பிளவு எவ்வளவு என்பதைத் தனியாக ஒரு சோதனை வைத்து அளந்துவிடு. வந்ததை அப்படியே கழி. விடை எங்கே போய் விழுகிறதோ அங்கே விடு. அதற்கு இன்னும் பீம் டைம் வேண்டும், அறிக்கை கொடுக்கும் நாளுக்குள் கிடைக்காது, கேட்டால் சந்தேகப்படுவார்கள் என்றாள். எனக்கும் அது தெரியும். அப்படியானால் முதலில் கணக்குப் போட்டபடியே வைத்து, ஒட்டவில்லை என்றே எழுது என்றேன்.

அவள் எழுந்துவிட்டாள். "எங்கப்பா நெலத்த வித்துப் படிக்கவெச்சாருங்க சார். ஒத்த ஆளா நான் அங்க போயி, புத்தகம் தப்புன்னு எப்படிச் சொல்றது? பக்கத்துல நிக்க இன்னொரு எண்ணு இருந்தா நிப்பேன். அதத்தான கேட்டேன். உங்க நேர்மைக்கு நான் பலியாகோணுங்களா?"

என் மனைவி சாமைச் சோறும் கீரைக் குழம்பும் எடுத்துவைத்துக் கூப்பிட்டாள். மேகலா ஒரு வாய் சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு, "போயிட்டு வாரேனுங்கம்மா" என்று அவளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு மதியப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

"ஏனுங்க, மனசுக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்கறத ஒரு வார்த்த சொன்னா என்னங்க கொறஞ்சு போவீங்க? புள்ள வாந்தி எடுத்துக்கிட்டு வந்திருக்குது" என்றாள் மனைவி. விளக்கிச் சொன்னேன். "எனக்கு அதெல்லாம் புரியல. நீங்க கல்லுன்னு மட்டும் புரியுது" என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேகலாவின் கட்டுரை வெளிவந்தபோது பழைய நண்பர் ஒருவர் போனுக்கு அனுப்பிவைத்தார். முடிவைத்தான் முதலில் பார்த்தேன். புத்தக எண்ணோடு அழகாக ஒத்துப்போயிருந்தது. தவறவிட்ட பிளவுக்கான திருத்தம் வேண்டிய அளவுக்கு வளர்ந்திருந்தது. வார்த்தைகூட மாறவில்லை, எங்கள் கூட்டங்களில் பேசிய அதே நியாயங்கள். முடிவுரையில், இரண்டு தனித்தனி அளவீடுகள் (பெரியவருடையதும் அவளுடையதும்) இந்த எண்ணை உறுதி செய்கின்றன, ஆகவே இதன் பிழை எல்லையை இனிக் குறைத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. போனை மிளகு காயவைத்திருந்த படுதாவின்மேல் தூக்கி எறிந்தேன். கோபமில்லை என்று சொன்னால் அது பொய்.

பணி நிரந்தரமானதும் மேகலாவே கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்பாளோ என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் பிடித்திருந்தது.

"சார், இப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சுங்க. பேப்பரும் வந்திருச்சு. இனி நீங்க சொல்றதால எதுவும் கெட்டுப்போகாது. இப்பவாச்சும் சொல்லுங்க சார்."

அவள் சொன்னது சரிதான். பலகையில் வந்த எண்ணைச் சொன்னேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அதை வாய்விட்டுச் சொன்னபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னாள், சொன்னேன்.

"சார்" என்றாள். "தவறவிட்ட பிளவ மொத தடவ கணக்குப் போட்டுக் கழிச்சப்ப எனக்கு வந்த எண்ணு அதேதானுங்க. உங்க ஊட்டுக்கு வந்தன்னிக்கு எங்கிட்ட இருந்ததும் அதேதானுங்க."



"எழுது அம்மிணி" என்றேன். "ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ரெண்டு பேருக்கு ஒரே எண்ணு வந்திருக்குது. இதவிட என்ன சாட்சி வேணும்? திருத்தி எழுதி அனுப்பு."

"எப்படீங்க சார்? உங்க எண்ணு எங்கயும் அச்சுல இல்லீங்களே. வாய்ப்பேச்சுதானுங்களே. என்ர எண்ணத் தப்புன்னு நானே கையெழுத்துப் போட்டு அனுப்பீட்டேன்." அப்புறம் குரல் இறங்கிப்போனது. "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நின்னிருப்பேனுங்க சார். சத்தியமா நின்னிருப்பேன்." போனை வைத்துவிட்டாள்.

நின்றிருப்பாள். நான் நம்புகிறேன். ஆனால் அன்றைக்கே சொல்லியிருந்தால், அவள் நின்றது அளந்ததாலா, நான் சொன்னதாலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நான் வாயை மூடிக்கொண்டதால்தான் அந்த ஒற்றுமை உண்மை. அதே காரணத்தால்தான் அது யாருக்கும் உதவாமல் போனது. இதில் நான் செய்தது சரியா, தவறா என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் சரி என்பேன். சொல்லிவிட்டு அன்று ராத்திரி தூங்கமாட்டேன்.

இன்றைக்கு அந்தப் பிடிப்புக்கு உலகத்தில் இருப்பது பழைய எண்தான், முன்னைவிடக் குறைந்த பிழை எல்லையோடு. நீங்களும் அதைத்தான் மனப்பாடம் செய்திருப்பீர்கள். உங்களில் யாரோ ஒருவருக்கு என்றாவது அதே யுரேனியம் கைக்கு வரும். அந்த எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு இங்கே பஸ் ஏறி வராதீர்கள். வந்தால் என் மனைவி சோறு போடுவாள். நான் வாயைத் திறக்கமாட்டேன். அதை இங்கே எழுதிவிட்டால் என் வயிற்றெரிச்சல் ஆறிவிடும், ஆனால் அளக்கிற உங்கள் கை கெட்டுப்போகும்.